கேணிக்குள் பதின்மூன்று மாரி

04.09.2003, வியாழன்

வெயில். கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. சைக்கிள் பின் சில்லு ரியூப் மூன்றாம் தரம் ஒட்டினேன்.

தண்ணீரூற்றுச் சந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போது ஹனிபா நானாவைக் கண்டேன். முன்பு காட்டில் தேன் எடுத்தவர். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது போனவர், புத்தளத்தில் இருந்தவர். இப்ப சமாதான காலம், காணி பார்க்க வந்திருக்கிறார். தாடி முழுக்க வெள்ளை. என்னை உடனே மட்டுக்கட்டிவிட்டார்.

சுகம் கேட்டார். பிறகு, வெகு சாதாரணமாக:

"காட்டுக்கோயில் பிள்ளையாரை எந்த வருஷம் வெளியில எடுத்தீங்கள், மாஸ்டர்?"

"எங்கையிருந்து?"

"கேணிக்குள்ள இருந்துதான். பூசாரியார் போட்டவரெல்லோ."

கோப்பையை வைத்துவிட்டேன்.

பின்னேரம். ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். தொண்ணூறு ஆடியில், காட்டுக்குள் இடிந்து கிடக்கும் பழைய சிவன் கோயிலைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினேன், அங்கிருந்த பிள்ளையார் சிலையின் படத்தோடு. அடுத்த தைப்பொங்கலுக்கு அங்கே பொங்கப் போன சனம் பார்த்தால் பீடம் வெறுமை. ஊர்க்கூட்டத்தில் அத்தான் (அக்காவின் புருஷன், கோயில் தலைவர்) எழும்பிச் சொன்னது, சொல்லுக்குச் சொல்: "படம் போட்டு விலை பேசினவனிட்டைக் கேளுங்கோ." சிரித்தவர்கள்: சபாபதி, தபாற்கந்தோர் க., சங்கக்கடை மு. கடைசி இருவரும் இப்ப உயிரோடு இல்லை. அதற்காக மறந்துவிடவில்லை.

எனக்கு வரவிருந்த பள்ளிக்கூட அதிபர் பதவி வேறு ஆளுக்குப் போனது. 'பிள்ளையார் வித்த வாத்தி' என்ற பெயர் நின்றது. அத்தானோடு அன்றிலிருந்து பேச்சில்லை. ஊர்க்கோயிலுக்குள் நான் கால் வைத்ததும் இல்லை.

நானா சொன்னது: அந்த ஆவணி மழையில்லாமல் குளம் வெடித்துக் கிடந்தது. பிள்ளையாரைத் தண்ணிக்குள் வைத்தால் மூச்சுமுட்டி மழை தருவார் என்பது பழைய ஆக்களின் நம்பிக்கை. செய்கிறவர் ஒருவருக்கும் சொல்லக்கூடாது. மழை வந்ததும் தானே எடுத்து வைக்கவேண்டும். பூசாரியார் தனியே தூக்க மாட்டாமல், தேனுக்கு வந்த நானாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

"எங்கட மார்க்கத்தில இது எனக்கு வேண்டாத வேலை, மாஸ்டர். எண்டாலும் மழை எல்லாருக்கும்தானே."

புரட்டாதியில் பூசாரியார் இந்தியாவுக்குப் படகேறினார். கரை சேரவில்லை. ஐப்பசியில் நானா போனார். பிறகு மழை வந்து கேணியும் நிரம்பியிருக்கும். பழி சுமக்க ஊரில் மிஞ்சியது நான்.

07.09, ஞாயிறு

கொண்டுபோனவை: அலவாங்கு, கத்தி, தண்ணி இரண்டு போத்தல், பாண், சம்பல். இவள் (மனைவி) வாசற் படலைவரை வந்து, "மிதிவெடி கிடக்கிற காட்டுக்குள்ள இந்த வயசில ஏனப்பா?" என்றாள். காரணம் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் அவளுக்கும் ஏமாற்றம்.

நானா முன்னுக்கு. அவர் கால் வைத்த இடத்தில் என் கால். யானைத்தடத்தை விட்டு விலகவில்லை.

"யானைக்கு வெடிக்காதது எங்களுக்கு வெடிக்காது, மாஸ்டர். எங்கட பாரம் அதுக்குக் காணாது."

"மிதிவெடிக்கு நாங்கள் காணும், நானா."

"அப்ப கதைக்காமல் வாங்கோ."

மூன்று மணித்தியாலம். கோயில் இன்னும் தாழ்ந்துவிட்டது. கருவறைச் சுவரை ஒரு இத்தி மரம் வேரால் கட்டிப்பிடித்து நிற்கிறது. மரத்தை வெட்டினால் சுவர் விழும், விட்டால் மெல்ல நெரிக்கும். தூண் ஏழு. அன்று ஒன்பது எண்ணி எழுதியிருந்தேன். படிக்கல்லில் கரடியின் நகக்கீறல். பீடத்தில் சருகு. எவ்வளவு அழகான இடம் என்பதை மறந்தே போயிருந்தேன். இவ்வளவு காலமும் கோபத்தோடுதான் நினைத்தேன்.

கேணி வற்றி, நடுவில் மட்டும் சேறு. ஒன்றும் தெரியவில்லை. நானா மேலேயிருந்து படி எண்ணிக்கொண்டு இறங்கி, அலவாங்கால் நாலைந்து இடத்தில் குத்தினார். சேறு. சேறு. பிறகு கல்.

கையால் வழித்தேன். முதலில் ஒரு காது. பிறகு வயிறு. தும்பிக்கை. முழுசாக, ஒரு கீறலும் இல்லாமல்.

சேற்றுக்குள்ளேயே இருந்துவிட்டேன். அழவில்லை என்று எழுதத்தான் விருப்பம்.

சாப்பிடும்போது சொன்னேன்: "நீங்கள் போன அண்டு நான் வேலிக்குப் பின்னால நிண்டனான், நானா. வெளியில வரேல்ல."

"ஆரும்தான் வரேல்ல." பாணைப் பிய்த்து நீட்டினார். "சாப்பிடுங்கோ. வெயில் ஏறுது."

10.09, புதன்

ஊருக்குச் சொல்லியாயிற்று. அத்தானின் மறுமொழி ஆள்மூலம் வந்தது: "ஒளிச்சவனுக்குத்தானே இடம் தெரியும்."

எதிர்பார்த்ததுதான்.

14.09, ஞாயிறு

இரண்டு உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சனம். கடைசி இரண்டு மைல் எல்லோரும் ஒற்றை வரிசையில், நானாவுக்குப் பின்னால். அத்தானும் வந்தார், பாட்டா செருப்போடு. அவருக்கு எழுபது.

கேணிப் படியில் நின்று நானா சத்தமாகச் சொன்னார்: "பூசாரியார் தலைப்பக்கம் பிடிச்சவர், நான் கால்பக்கம். இது களவெண்டால் என்ர பேரை எழுதுங்கோ. மாஸ்டர் இதில இல்லை."

சபாபதி என் தோளில் கை போட்டான். அந்தக் கையை எடுத்துவிட்டேன்.

தூக்கிப் பீடத்தில் வைப்போம் என்றேன். அப்போதுதான் அத்தான் பேசினார், என்னைப் பாராமல், ஊரைப் பார்த்து: "மழை இல்லாத நேரம் வெளியில எடுக்கிறதோ? பிறகு விதைப்பு?"

"அவரை அண்டைய மழைக்கு வைச்சது," நானும் ஊரைப் பார்த்துச் சொன்னேன். "பதின்மூண்டு மாரி பெய்ஞ்சுட்டுது. இன்னும் எத்தினை வேணும்?"

"அது போன மழை. இந்த வருஷத்து மழை எங்கை?"

இந்த ஊரில் படித்தவன் நியாயம் எடுபட்டதில்லை. கமக்காரர் அத்தனை பேரும் அவர் பக்கம். பிள்ளையார் கிடந்தபடியே கிடக்க, சேற்றைத் திரும்பத் தள்ளி மூடினார்கள். என் சாட்சியை நானும் ஒரு கை மூடினேன்.

என்றாலும் எல்லாரும் கண்டாச்சு. சபாபதி கண்டான். அத்தான் கண்டார்.

15.09, திங்கள்

மத்தியானம் படுத்தவன் நாலு மணிக்குத்தான் எழும்பினேன். இவள் மூச்சு வருகிறதா என்று பார்த்தாளாம்.

28.09, ஞாயிறு

முகில் வந்து கலைந்தது. அக்கா முருங்கைக்காய் கொடுத்துவிட்டிருந்தா. பதின்மூன்று வருடத்தில் முதல் தரம். அத்தானுக்குத் தெரிந்துதான் என்று கொண்டுவந்தவள் சொன்னாள்.

அவர் மன்னிப்புக் கேட்டால் சொல்வதற்கு மூன்று பதில் ஆயத்தமாக வைத்திருந்தேன். மூன்றும் நன்றாகச் செதுக்கியவை. இன்று நினைத்துப் பார்க்க முதலாவது வரவில்லை.

நானா தன் காணியில் பற்றை வெட்டுகிறார். பின்னேரம் போய் இரண்டு மணித்தியாலம் நானும் வெட்டினேன். கையில் கொப்புளம்.

17.10, வெள்ளி

விடிய நாலு மணி தொடக்கம் மழை. சோனாவாரியாக ஊற்றுகிறது. குசினிக்குள் மூன்று இடத்தில் ஒழுக்கு, மூன்றுக்கும் சட்டி வைத்தாயிற்று.

எட்டு மணிக்குப் படலையில் அத்தான். சைக்கிளில், தலைக்கு மேல் பொலித்தீன் பை. பின்னால் நானா, கமுக்கட்டுக்குள் கயிற்றுச் சுருள். இவள்தான் முதலில் கண்டாள். என்னைக் கூப்பிடாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

உள்ளே வரவில்லை. படலைக்கு வெளியிலேயே நின்று, இந்த முறை என்னைப் பார்த்து:

"மச்சான், இனி எடுக்கலாம். இப்ப முழங்காலளவு தண்ணிதான் நிக்குமாம். பின்னேரமெண்டால் பிள்ளையார் தண்ணிக்குள்ள தாண்டுபோவார். உழவு இயந்திரம் சந்தியில நிக்குது. தலைப்பக்கம் ஒரு ஆள் வேணும்."

வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்.

"சேட்டு மாத்திக்கொண்டு வாறன்" என்று உள்ளே வந்தேன். மாற்றியாயிற்று. இதை எழுதிவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். சைக்கிள் மணி அடிக்கிறார், இரண்டாம் தரம்.