நீல மையில் எழுதிய எடை

ஜனவரி 19, திங்கள்

பனி. ஒன்பது மணி வரைக்கும் எதிர்க்கடை தெரியவில்லை. வெல்லம் வரத்து குறைவு. எடைத் தட்டின் இரும்பு ஐஸ் மாதிரி. இந்த நோட்டைப் பழைய எடைச் சீட்டுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மண்டியில் யாரும் அங்கே கை விடமாட்டார்கள்.

வாங்க வேண்டியது: முட்டை 3 அட்டை, வேர்க்கடலை, கட்டுத்துணி, தைலம்.

சாப்பாட்டு நேரத்தில் பயிற்சி ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தேவா இன்றைக்கும் அந்தப் போட்டிக் கல்லைத் தூக்கவில்லை. முட்டி வரை வருகிறது, அதோடு சரி. 160 கிலோ உருண்டை. போன வருஷம் சிமெண்ட் உருண்டை, அதுவும் 160. அதைத் தோளுக்கு ஏற்றி ஜனங்களைப் பார்த்துச் சிரித்த மனுஷன். இன்றைக்குக் கீழே போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு வயசாயிடுச்சா மல்லி?"

நாற்பத்தொன்று. "துன்றது பத்தல உனக்கு" என்றேன். சிரிக்கவில்லை.

டாக்டர் சொன்னது, எழுதினாலாவது பயம் குறையுமா என்று: இவருக்கு இடது கையில், முழங்கைக்கு மேலே தசைநார் பாதி கிழிந்திருக்கிறது. மூன்று மாதம் கனம் கூடாது. மீறினால் முழுசாக அறுந்துவிடும். அப்புறம் தண்ணீர்க் குடம் கூடத் தூக்க வராது. போட்டி ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியில்.

குறையவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

பனி கொஞ்சம் பரவாயில்லை. லீக் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து இன்னும் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒரு காலத்தில் அதில் பதினோரு நாட்டுக்காரர்கள். விடியும்போதே ஏதேதோ பாஷையில் குட்மார்னிங். இப்போது நாலு நம்பர். தேவா, மேனேஜர் சுதாகர், ஜார்ஜியாக்காரர் லாஷா, அப்புறம் ரொம்ப நாளாக அணைந்து கிடக்கும் ஒரு நம்பர்.

நாலு வருஷம் முன்னால் இந்த மண்டி வாசலில்தான் ஆரம்பித்தது. தேவா இரண்டு மூட்டையை ஒரே தோளில் ஏற்றினதைச் சுதாகர் பார்த்தார். பலசாலிகளுக்கு உலக லீக் என்றார். காணிப்பாக்கம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். அடுத்த மாசம் தேவா பஸ்ஸை இழுத்தார். திருப்பதியில் ஆளுயரத்துக்குப் போஸ்டர். அதில் மீசையைக் கூட முறுக்கி வரைந்திருந்தார்கள். துபாய் போய் வந்தார், டி.வி.யில் வந்தார். ஒரு கையெழுத்தும் போட்டார், வேறு எந்தப் போட்டிக்கும் போகமாட்டேன் என்று. அப்போது யாருக்கு வேறு போட்டி வேண்டியிருந்தது.

போன வருஷம் லீக்கின் வெளிநாட்டு ஆபீஸ் இரண்டாக உடைந்தது. பெரிய ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். டி.வி. போச்சு. இவரைப் போல இந்தப் பக்கம் நின்றவர்களை மற்ற சங்கங்கள் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும். கல் தூக்க மிச்சம் இருப்பது இவரும் லாஷாவும்.

"இதுவும் போச்சுன்னா நான் வெறும் மூட்டை தூக்கறவன்தான்" என்கிறார். மூட்டை தூக்குகிறவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். சொன்னால் கோபம் வரும்.

ஜனவரி 22, வியாழன்

 

கல்லைத் திருப்பதிக்கு ஏற்றிப் போகிற வண்டி டீக்காக மண்டி வாசலில் நின்றது. ஏற்றிவிட்ட ஆட்களில் ஒருவர், நம் மண்டியில் மூட்டை தூக்கும் ஏகாம்பரம் அண்ணன், தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "மல்லிகா, அது நூத்தறுவது இல்லம்மா. முப்பது வருசமா தூக்கிக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?"

இறக்கச் சொன்னேன். உருளாமல் இருக்கப் பழைய டயரைத் தட்டில் போட்டு, அதன்மேல் கல். 190. டயர் 9. கல் 181.

மூன்று தரம் போட்டேன். மூன்று தரமும் 181.

எடை போட்டதில் எண் எழுதாமல் தட்டை விட்டு எதுவும் இறங்கக்கூடாது, அது மண்டி வழக்கம். கை தானாகச் சாக்பீஸை எடுத்து 181 என்று எழுதிவிட்டது.

சுதாகருக்கு போன். முதலில் நம்பவில்லை. பிறகு அவரே யோசித்துச் சொன்னார். வெளிநாட்டு ஆபீஸ் ஒரு பட்டியல் அனுப்பியிருந்ததாம், இத்தனை அங்குல உருண்டை இத்தனை கிலோ என்று. அது சிமெண்ட் உருண்டைக்கு. போன வருஷ சிமெண்ட் விண்டுபோக, சித்தூரில் கல்லுக்கா பஞ்சம் என்று பாலிஷ் ஃபேக்டரியில் கிரானைட்டில் கடைந்து வாங்கினார்கள். அதே அங்குலம், ஆனால் கிரானைட் கனம் ஜாஸ்தி. ஒருத்தரும் எடை போடவில்லை! ஊரே எடை போட்டுப் பிழைக்கிறது.

"செப்பொத்தம்மா. யாருக்கும் சொல்லாதீங்க. போஸ்டர்ல 160 போட்டாச்சு" என்று வைத்துவிட்டார்.

இத்தனை நாளாக அந்தக் கையோடு 181ஐ இழுத்திருக்கிறார். 

ஜனவரி 23, வெள்ளி

சொல்லிவிட்டேன். சொன்னால் போட்டியை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் இந்த ஜில்லாவில் இல்லை.

"நூத்தி எம்பத்தொண்ணா? மெய்யாவா?" சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அப்ப எனக்கு வயசாவல மல்லி!" என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். சுற்றும்போது இடது கை உதறினதை நான்தான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.

"இப்ப அத்த தூக்காம வுடமாட்டேன்."

"கை?"

"தாங்கும்."

"தாங்கலன்னா யாருய்யா உனக்குச் சோறு ஊட்றது? நானா?"

"ஊட்டு. இன்னா போச்சு."

"அந்த லாஷாவுக்காவது சொல்லு."

"வாணாம். யாருக்கும் தெரிய வாணாம். எனக்குத் தெரிஞ்சா போதும்."

காலையிலிருந்து விசில் அடிக்கிறார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

வெயில். பொழுது சாயறதுக்குள் வீடு திரும்பிவிட்டோம். அவர் குளிக்கிறார். சீக்கிரம் எழுதவேண்டும்.

மைதானத்துக்கு ஏழு மணிக்கே போனோம். பந்தலில் பாதி நாற்காலி காலி. ஆம்புலன்ஸ் வரவில்லை, டாக்டரும் இல்லை. தேவா சுதாகரோடு பேசப் போனார். மேடைக்குப் பின்னால், கோணிக்குக் கீழே கல் இருந்தது. கோணியைத் தூக்கினேன். ஒரு பக்கம் பெயிண்டில் 160. இன்னொரு பக்கம் என் சாக்பீஸ் 181, பாதி கலைந்து.

புடவைத் தலைப்பால் துடைத்தேன். மூட்டைக்குப் போடுகிற நீல மை என் பையில் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்தேன், அதை மறைப்பானேன்.

211 என்று எழுதினேன்.

பதினோரு வருஷம் மண்டியில் எடை. நூறு கிராம் பொய் எழுதியதில்லை. இன்றைக்கு முப்பது கிலோ.

முதலில் லாஷாவைக் கூப்பிட்டார்கள். கல்லைக் கட்டிப்பிடித்தார், ஒரு சாண் கிளப்பினார், வைத்துவிட்டார். குனிந்து நீல எண்ணைப் பார்த்தார். நம் பாஷை எதுவும் அவருக்குத் தெரியாது, எண் தெரியும். சுதாகரிடம் ஏதோ கத்தினார், இடுப்புப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்விட்டார். மைக் பிடித்திருந்தவர் தெலுங்கில் என்னவோ சமாளித்தார்.

அப்புறம் இவர். விசில் அடித்துக்கொண்டே வந்தார். எண்ணைப் பார்த்ததும் நின்றது. அது என் கையெழுத்து என்று அவருக்குத் தெரியும், ஒன்று என்ற எண்ணைத் தலைப்பா கட்டின மாதிரி மேலே கொக்கி வைத்துத்தான் போடுவேன். கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். சும்மா, பஸ்ஸுக்கு உட்காருகிற மாதிரி. ஜனம் கைதட்டிச் சிரித்தது. சுதாகர் கெஞ்சினார், திட்டினார். எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும் பஸ் புத்தலப்பட்டு தாண்டும்போது கேட்டார். "181ன்னியே?"

"தட்டு செவுத்துல இடிச்சிக்கினு இருந்திருக்குது. முப்பது கிலோ கம்மியா காட்டிச்சாம், இன்னிக்கு காத்தால ஏகாம்பரம் அண்ணன் போன் பண்ணி சொன்னாரு."

"நீ எழுதினா தப்பாது மல்லி. நல்ல வேளை, எழுதி வெச்ச." என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். இடது கை முழுசாக என் மடியில். ஊர் வரும்வரை அதை நான் விடவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

நேற்று மண்டி லீவு. இன்று வரத்து அதிகம். மேகம்.

சுதாகர் போனை எடுக்கவில்லை. குரூப்பில் இவரும் அணைந்த நம்பரும்தான். லீக் அவ்வளவுதான். நான் பயந்த மாதிரி இவர் இடிந்துபோகவில்லை. "211 யாருக்குமே வராது, லாஷாவே வுட்டுட்டு பூட்டான்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். ஏகாம்பரம் அண்ணனைத் தனியாகப் பார்த்து, அவர் பண்ணாத அந்த போன் விஷயத்தைச் சொல்லிவைக்க வேண்டும். காலையிலிருந்து முடியவில்லை.

11.30. இப்போது வந்து சொல்கிறார். கல் மைதானத்தில் கேட்பாரற்றுக் கிடந்ததாம், வண்டி பிடித்து வரச் சொல்லிவிட்டாராம். "நம்ம வாசல்லியே கெடக்கட்டும். மொதல்ல மண்டியில எல்லார் எதிர்லயும் ஒரு வாட்டி எடை போட்டுடு. 211ன்னு அவங்களும் பாக்கட்டும்."

"வேலை கீது, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். கேட்கவில்லை.

வண்டி வந்துவிட்டது. ஆட்கள் கூடிவிட்டார்கள். இவர் சொன்னபடி அண்ணன் சுவரிலிருந்து தட்டை இரண்டடி இழுத்துப் போட்டு, நடுவில் டயரை வைக்கிறார்.