அஞ்சு கியர் போதும் என்ற அப்பாவுக்கு

என் அன்பு அப்பா,

உங்கள் பைக்கில் கை வைத்துவிட்டோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கே இருந்தாலும் "யாரைக் கேட்டு ஸ்பேனரை எடுத்தீங்க?" என்று குரல் வந்துவிடும். உங்களைக் கேட்டுத்தான் எடுத்தோம். அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலைகளில் நம் கராஜில் நடக்கும் சண்டை நினைவிருக்கிறதா? உங்களோடு ஈரோட்டில் கல்லூரியில் படித்த செந்தில் அங்கிள் ஆறு கியர் உள்ள புது வண்டியில் வந்து நிற்பார். உங்களுடையது நான் பிறப்பதற்கு முன்பே செய்த பழைய ஸ்போர்ட் டூரிங் பைக். அதற்கு ஐந்து கியர்தான். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அவர் ஆரம்பித்துவிடுவார்.

"மாப்ள, தூரம் போற வண்டிக்கு ஆறாவது கியர் வேணும்டா. ஃப்ரீவேல எழுபத்தஞ்சுல போறப்ப உன் இஞ்சின் எப்படிக் கத்துது பாரு, பாவம்."

"அது இஞ்சின் இல்லடா, காத்து. உன் காது ரெண்டும் வெளிய நீட்டிட்டு இருக்குதில்ல, அதான்."

"ஆறாவது போட்டா இஞ்சின் நிம்மதியா இருக்கும்."

"உன் வண்டியில பலம் இல்ல. அதனால ஆறு படி கட்டி ஏத்தி விட்டிருக்கான். என்னுது அஞ்சுலயே அமெரிக்காவை இழுக்கும். அஞ்சு போதும்!"

தோசை ஆறுகிறது என்று அம்மா உள்ளே இருந்து கத்தும்வரை இது ஓடும். நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். யார் சொல்வது சரி என்று ஒரு நாளும் என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

ஆனால் வண்டியில் ஏறினால் நான் வேறு ஆள். உங்களுக்குத் தெரியும். ஹெல்மெட்டுக்குள் அந்த மலிவு இன்டர்காம் மாட்டியதிலிருந்து, வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவள் உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓயாமல் பேசினேன். ஈரோட்டில் ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், பக்கத்து வீட்டு நாய், கனவு, எல்லாம். உங்கள் முகம் தெரியாது. என் முகம் உங்களுக்குத் தெரியாது. ரோடு மட்டும்தான் இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை மினரல் வெல்ஸ் பக்கம் போய்விட்டு, டெக்சாஸில் நம் ஊரான காப்பெலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஐந்தாவது கியர், எழுபத்தைந்து மைல் வேகம். இரண்டு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன். "அப்பா, நான் இனிமே ஸ்கூலுக்குப் போகல." பிறகு ஏன் என்றும் சொன்னேன். சொல்லி முடித்ததும் காத்திருந்தேன்.

இடது கையைப் பின்னால் கொண்டுவந்து என் முழங்காலில் ஒருமுறை தட்டினீர்கள். லேன் மாறும் முன் "பிடிச்சுக்கோ" என்பதற்காக எப்போதும் அப்படித்தான் தட்டுவீர்கள். அன்றும் லேன் மாறினோம். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, "பசிக்குதா பாப்பா?" என்றீர்கள். காதில் விழவில்லை போலிருக்கிறது, அடுத்த வாரம் மறுபடி சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை அலுவலக மீட்டிங்கில் உட்கார்ந்த இடத்திலேயே உங்கள் இதயம் நின்றுவிட்டது. துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தி "பைக்லயா?" என்று கேட்டார்கள். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு அலுத்துப்போனது.

பதினேழு வயது ஆனதும் நான் பள்ளியை விட்டுவிட்டேன் அப்பா. பள்ளிப் படிப்புக்குச் சமமான ஜி.இ.டி. தேர்வுக்கு வகுப்பு போகிறேன். பள்ளியிலிருந்து விலகும் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "அப்பா இருந்திருந்தா போட்டிருப்பாரா பாப்பா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பெரியப்பா வீடியோ காலில் வரும்போதெல்லாம், "அவன் இருந்தா விட்டிருப்பானா?" என்பார். அம்மா போனை என்னிடம் தராமல் திருப்பிக்கொள்வார். ஒரு வருடம் இந்த ஒரு கேள்வியோடுதான் நாங்கள் இருவரும் சாப்பிட்டோம், தூங்கினோம். உங்களுக்குத் தெரியாமல், உங்கள் விருப்பத்துக்கு எதிராக ஒரு காரியத்தைச் செய்துவிட்டேனோ என்று.

போன மாதம் பைக்கை விற்றுவிடலாம் என்று அம்மா முடிவு செய்தார். வண்டியைப் பார்த்துத் தயார் செய்ய செந்தில் அங்கிள் வந்தார். நான் துணியும் எண்ணெயும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அலமாரியில், கார் கண்ணாடி கழுவும் திரவத்துக்குப் பின்னால், பிரிக்காத ஒரு சின்னப் பார்சல் இருந்தது. உங்கள் பெயருக்கு, நீங்கள் இறந்த வாரத்தில் வந்தது. பிரிக்க மனமில்லாமல் அம்மா அங்கே வைத்திருந்தார்.

அங்கிள் கையில் தூக்கிப் பார்த்தார். கனத்தது. பிரித்தார். உள்ளே செயினை இழுக்கும் முன்பக்கப் பல்சக்கரம். பற்களை விரல் வைத்து எண்ணினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினெட்டு. வாங்கியே புட்டானா!"

"என்ன அங்கிள்?"

"வண்டியில இருக்கிறது பதினேழு பல்லு கண்ணு. ஒரு பல்லு கூடினா அதே வேகத்துக்கு இஞ்சின் கொஞ்சம் மெதுவாச் சுத்தும். ஆறாவது கியர் இல்லாதவன் வெச்சுக்கிற கால் கியர்னு வையி." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணான். 'டேய், நீ ஜெயிச்சிட்ட, ஆறாவது கியர் வேணும்'னான். பத்து வருஷமா ஒத்துக்காதவன்! குடிச்சிருக்கியாடான்னு கேட்டேன்."

"ஏன் வேணும்னாங்க?"

அங்கிள் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத்தான் கண்ணு. 'பின்னாடி உக்காந்து எம் பொண்ணு அவ வாழ்க்கையையே சொல்றா, இந்தச் சனியன் கத்துது. ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு சொன்னது கேட்டுச்சு. ஏன்னு சொன்னது கேக்கல'ன்னான்."

துணியை வைத்துவிட்டு நானும் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"எக்ஸிட்ல ஃப்ரீவேய விட்டு வெளிய எடுத்து நிறுத்திக் கேளேன்டா லூசுன்னு திட்டினேன். 'மூஞ்சியப் பார்த்தா அவ பேச மாட்டாடா. ஓட்டிக்கிட்டேதான் கேக்கணும். அடுத்த வாரத்துக்குள்ள சத்தத்தைக் குறைக்கணும்'னான்."

"கோபமா இருந்தாங்களா?"

"கோபமா? 'எத்தனை நாளா மனசுல வெச்சிருந்தாளோ'ன்னு அதையேதான் சொல்லிட்டு இருந்தான். 'காரணத்தைக் கேட்டுட்டு அவளுக்கு எது சரிப்படுதோ அதைச் செய்யலாம்'னான். அந்த நாலு நாள்ல நீங்க ரெண்டு பேரும் பேசியிருப்பீங்கன்னு நெனச்சேன் கண்ணு. இல்லேன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

அம்மா டீயோடு கராஜ் வாசலில் நின்றது எங்கள் இருவருக்கும் தெரியாது. "ஏங்கண்ணா, கட்டினவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல, உங்ககிட்ட மட்டும் சொல்லியிருக்காரு?"

"கியர் விசயம்னுதான் ஆரம்பிச்சான் தங்கச்சி."

அம்மா சிரித்தார் அப்பா. அழுதுகொண்டேதான், ஆனால் சிரித்தார். டீயைத் தரையில் வைத்துவிட்டு என் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். "அப்ப நான் சரியாத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றார். அதை எனக்குச் சொன்னாரா, உங்களுக்குச் சொன்னாரா? பிறகு அங்கிளிடம், "விக்கறது இருக்கட்டும். முதல்ல அதை மாட்டுங்க," என்றார்.

மாட்ட மதியம் ஆகிவிட்டது. அங்கிள் ஓட்ட, நான் பின்னால் ஏறிக்கொண்டேன். இன்டர்காமை அவரோடு இணைக்கவில்லை. ஐந்தாவது கியரில் எழுபத்தைந்துக்குப் போனதும் அவர் தோளுக்கு மேலே எட்டி மீட்டரைப் பார்த்தேன். முன்பு நாலாயிரத்து ஐந்நூறு சுற்றில் நிற்கும் முள் இப்போது அதற்கு இருநூற்றைம்பது கீழே நின்றது. சத்தம் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மீதியெல்லாம் நீங்கள் சொன்ன மாதிரி காற்றுதான். சிக்னலில் கிளம்பும்போது வண்டி சற்றுச் சோம்பலாக நகர்கிறது என்று அங்கிளே ஒத்துக்கொண்டார். ஆக, இந்த வண்டிக்கு ஆறாவது கியர் தேவையா என்று இப்போது என்னைக் கேட்டால், தேவையில்லை என்பேன் அப்பா. நீங்கள் பத்து வருடம் சொன்னது சரி. அந்த ஒரு சனிக்கிழமை மட்டும்தான் தேவைப்பட்டது.

அப்போது நீங்கள் கேட்க நினைத்த காரணத்தை, ஹெல்மெட்டுக்குள் மறுபடி சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். பள்ளியில் என்னை யாரும் கேலி செய்யவில்லை. டீச்சர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஒரு வாரம் முழுக்க, திங்கள் முதல் வெள்ளி வரை, பெயர் கூப்பிடும்போது "ஹியர்" என்றதைத் தவிர நான் ஒரு சொல்லும் பேசவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. நான் அங்கே இல்லாமலே போய்க்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் காரணம். அன்று என் குரல் என் காதுக்கே தெளிவாகக் கேட்டது.

அந்த முழங்கால் தட்டல் லேன் மாறுவதற்கா, எனக்கா? அது மட்டும் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும், பரவாயில்லை.

பைக்கை ஆஸ்டினிலிருந்து ஒருவர் வந்து அடுத்த வாரம் எடுத்துப் போகிறார். எனக்கு வருத்தமில்லை. கழற்றிய பதினேழு பல் சக்கரம் என் மேசையில் இருக்கிறது. ஜி.இ.டி.யில் நாலு பாடத்தில் மூன்று முடிந்துவிட்டது, கணக்கு மட்டும் பாக்கி. வகுப்புக்கு அம்மாதான் காரில் கொண்டுபோய் விடுகிறார். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். இருவரும் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். அங்கேதான் நான் இப்போது பேசுகிறேன்.

இனி முக்கியமான எதையும் இரண்டு மாதம் தொண்டையில் வைத்திருக்க மாட்டேன் அப்பா. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவேன். பாதிதான் கேட்டது என்று தோன்றினால், அடுத்த வாரம் வரை காத்திருக்காமல், அடுத்த எக்ஸிட் வருவதற்குள் மறுபடி சொல்வேன்.

பின் சீட்டிலிருந்து,
உங்கள் மகள்
பாப்பா