எங்கே என்று கேட்ட வினை

சுவா,
திங்கட்கிழமை

அன்பு மகள் தோரிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இருமல் நின்று, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் நலம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ படிக்கிற டனிடினில் பனி கொட்டுகிறது என்று செய்தியில் காட்டினார்கள், நீ மெல்லிய சட்டையோடு நூலகத்துக்கு ஓடுவாய் என்று அப்பா ஒரே புலம்பல், காலுறை இரண்டாகப் போட்டுக்கொள். அவருக்கு முழங்கால் வலி பழையபடிதான், டாக்டர் சேம்பைக் குறைக்கச் சொன்னாராம், அன்றைக்கே இரண்டு தட்டுச் சேம்பு சாப்பிட்டுத் தன் வீரத்தைக் காட்டினார். இதையெல்லாம் எழுதிச் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. சொல்லிவிடுகிறேன். உன் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயத்தை நீ எடுத்துவிட வேண்டும். அதில் இருக்கும் நம் ஊர்ப் பவளத்திட்டின் வரைபடத்தை யார் கண்ணிலும் படாமல் அழித்துவிட வேண்டும். அது உன் மூன்று வருட உழைப்பு என்று தெரியும், தெரிந்துதான் கெஞ்சுகிறேன்.

போனில் அரைகுறையாகச் சொன்னதை முழுதாகக் கேள். என் பெண்ணியப் புவியியல் வகுப்புப் பிள்ளைகளைக் கண்டவுக்கு, நம் ஊருக்கு, அழைத்துப்போனோமே, நீயும் லீவில் வந்து கூட நின்றாயே, அப்போது வரைந்த படம்தான். ஆண்கள் மீன்பிடிக்கும் ஆழ்கடல் எல்லாம் அரசாங்க வரைபடத்தில் பெயரோடு இருக்கிறது, பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று கூடை நிரப்புகிற திட்டு மட்டும் வெறும் நீலமாகக் கிடக்கிறது, அந்த நீலத்தில் அவர்கள் உழைப்பை எழுதுங்கள் என்று நான்தான் பாடம் நடத்தினேன். அந்தப் பாடம் தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் கடலுக்குப் போகிறவளை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது என்பது நம் ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும், கேட்டுவிட்டால் அவள் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். நம் பாடத்திலோ முதல் கேள்வியே எங்கே என்பதுதான். அந்த ஊரில் பிறந்த நானே அதைக் கேட்டேன், அவர்களும் என் முகத்துக்காகச் சொன்னார்கள். உன் பெரியம்மா லைசானி, நீ நம்ம பொண்ணு, உனக்கில்லாததா, எழுதிக்கோடி என்று சிரித்துக்கொண்டே அட்டையும் கணவாயும் பதுங்கும் ஒவ்வொரு குழியாகக் காட்டினாள். தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் பெயர்களையும் சொன்னாள். பல்கலைக்கழக இணையதளத்தில் போட்டோம், எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்தது. ஈஸ்டர் அன்று ஊரே கோயிலில் இருக்கும்போது ஒரு வெளியூர்ப் படகு வந்து, அதே பெயர்களைச் சொல்லி, கரையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரிடம் வழி கேட்டதாம். அவர்கள் கைபேசியில் இருந்தது நம் படம். பூசை முடிந்து பெண்கள் வருவதற்குள் கடல் அட்டை மொத்தத்தையும், குஞ்சுகூட விடாமல், வாரிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளிக்கூடச் சம்பளம், கோயில் வரி எல்லாம் அந்த அட்டையை நம்பித்தான் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் அந்தப் படகு இரண்டு தடவை வந்திருக்கிறது, இப்போது எட்டுக் கைச் சாக்குக் கணவாய் பதுங்கும் குழிகளைத் தேடுகிறார்கள்.

படத்தை இறக்க வேண்டும் என்று எங்கள் துறைத் தலைவர் வினேஷிடம் போய் நின்றேன். நல்ல மனுஷன்தான், ஆனால் நடுங்கிவிட்டார். அக்கா, நம்ம பாடத்த வச்சுக்கலாமா மூடலாமான்னு பாக்க அடுத்த மாசம் ஆளுங்க வர்றாங்க, அந்தப் படம் இல்லாம அவங்களுக்கு எதக் காட்டறது, உங்க மூஞ்சியவா என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பெண்களைப் பற்றிப் பாடமா, அதுவும் புவியியலிலா என்று இளிக்கிறவர்களுக்கு நடுவில் இத்தனை வருடம் இந்தப் பாடத்தை நான் எப்படி இழுத்துக்கொண்டு வந்தேன் என்று நீ கூட இருந்து பார்த்தவள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில் யாரையும் கேட்காமல் நானே இறக்கிவிட்டேன். வினேஷ் இப்போது என்னோடு பேசுவதில்லை. பாடம் அநேகமாகப் போய்விடும், என் வேலையும் அதோடு போகலாம், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

போன வாரம் பாயும், சடங்கில் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரும் எடுத்துக்கொண்டு ஊருக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். முறைப்படி வேரை நடுவில் வைத்துத் தலைகுனிந்து உட்கார்ந்தேன். யாராவது கையால் தொட்டால் மன்னிப்பு, தொடாவிட்டால் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒருத்தியும் தொடவில்லை. என்னோடு கூடை தூக்கி வளர்ந்தவர்கள், தோரிகா, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானத்தில் செத்துவிடலாம் போல் இருந்தது. உன் பெரியம்மாதான் முதலில் பேசினாள், பாய் எங்ககிட்டயும் இருக்குது, படத்த எறக்கிட்டியா என்றாள். இறக்கிட்டேன் என்றேன். அப்ப தோரிகாகிட்ட இருக்கறது என்ன ஆவும் என்றாள். அது அவ படிப்பு அக்கா, புத்தகமா நூலகத்துல வைப்பாங்க என்றேன். எவன் வேணா எடுத்துப் படிக்கலாமா என்றாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, படிக்கலாம் என்றேன். அவ படிப்பு படிப்பு, எங்க புள்ளைங்க படிப்பு என்ன கூழாங்கல்லா என்று கேட்டாள். தோரிகா அழிச்சிடுவா, அதுக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை வந்த பிறகுதான் லைசானி குனிந்து வேரைத் தொட்டாள். எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், என் அழுகை வேறு காரணத்துக்கு.

ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், எடுத்த காரியத்தில் உன்னை நிமிர்ந்து நிற்க வைக்கட்டும். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. கோபம் வந்தால் நன்றாகத் திட்டு, ஆனால் போனை எடு. ஒரு பெண்ணுக்குப் பதிலாக அவள் வீட்டார் பேசுவது அநியாயம் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன். முடியாது என்று சொல்ல உனக்கு முழு உரிமை இருக்கிறது. சொல்லிவிடாதே, மகளே.

உன் அம்மா,
உனாய்சி