டைனிங் ஹாலில் நீ தொடங்கிய சிரிப்பு

அன்புத் தோழி,

இன்று காலை ஹோட்டல் சலவை அறைக்குள் நுழைந்ததும், இஸ்திரி போட்ட படுக்கை விரிப்பின் சூட்டு வாசனை முகத்தில் அடித்தது. விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க உன்னைத்தான் தேடினேன்.

நம் ஊரான பேத்துப்பாறையிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, எத்தனை வருடம் ஒன்றாக அறைகளைச் சுத்தம் செய்தோம்! விரிப்பை மடிக்கும்போதெல்லாம் நீ யாரையாவது நடித்துக் காட்டுவாய். மூடுபனியில் ஏரி தெரியவில்லை, வேறு அறை கொடு என்று சண்டை போட்டவரிடம், "அந்த ரூம்ல சன்னல் பெருசுங்க சார், பனி இன்னும் நல்லாத் தெரியும்" என்று பணிவாகச் சொன்னவள் நீ.

ஒரு மதியம், சாப்பாட்டு வேளையில் மேனேஜரின் நடையையும் அதட்டலையும் நடித்துக்கொண்டிருந்தாய். சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த வேலைக்காரர்கள் நாங்கள் எல்லோரும் சட்டென்று அடங்கிப்போனோம். உன் முதுகுக்குப் பின்னால், கதவருகே அவரே நின்றிருந்தார். உன் கணவர் நோயில் படுத்திருந்த காலம் அது. இந்த வேலையை நம்பித்தான் உன் வீட்டில் அடுப்பு எரிந்தது. திரும்பிப் பார்த்தாய்; ஆனால் நிறுத்தவில்லை.

"உக்காருங்க சார். நீங்க போன்ல பேசுறது இன்னும் பாக்கி கெடக்கு."

அவர் உட்கார்ந்தார். முழுவதையும் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் எழுந்து போனார். மறுநாள் நம் இருவரையும் கூப்பிட்டபோது, வேலை போயிற்று என்றே நினைத்தோம். "சனிக்கிழமை சாயங்காலம் டைனிங் ஹால்ல, கெஸ்ட்டுங்க முன்னாடி பண்ணுங்க. என்னை மட்டும் விட்டுருங்க" என்றார். அவர் இல்லாமல் ஷோவே இல்லை என்று நீ சொல்லிவிட்டாய். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அப்படித் தொடங்கியது நம் இருவரின் சனிக்கிழமை ஷோ. பிறகு பஜார் கடைக்காரர்களும் வேன் டிரைவர்களும்கூட மைக் பிடிக்க வந்தார்கள்.

நோய் உன்னைக் கொண்டுபோன பிறகு சனிக்கிழமைகள் நின்றுபோயின. நான் அந்த ஹால் பக்கமே போகவில்லை. போன மாதம், மேலே மலைக் கிராமமான போளூரிலிருந்து பூண்டு விற்க வந்த ஓர் அக்கா என்னை வழிமறித்தார். தானும் மேடையில் பேச வேண்டும், ஷோ எப்போது என்று கேட்டார். என்னோடு பேசுகிறவள் போய்விட்டாள் என்றேன். பூண்டு மூட்டையைக் கீழே இறக்கி வைத்தார்.

"அவங்களப் பத்தியே பேசுங்களேன்."

அடுத்த சனிக்கிழமை அதே ஹாலில் பேசினேன். ஆஸ்பத்திரியில் தலையணை சரியில்லை, மேனேஜரைக் கூப்பிடு என்று நீ கெஸ்ட்டாக மாறி நர்சுகளைப் படுத்திய பாட்டைச் சொன்னேன். ஹாலே குலுங்கியது. அடுத்து அந்த அக்கா ஏறினார். மாமியாரைப் பற்றி ஆரம்பித்தவரை இறக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

முன்பெல்லாம் நான் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பேன். உன்னோடு இருந்த வருடங்களில் அந்தக் கை எப்போது இறங்கியதென்று தெரியவில்லை. இப்போது அது மைக்கைப் பிடித்திருக்கிறது.