பொழுது சாய்வதற்குள் ஒரு பந்தி

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள அப்பாவுக்கு, தரணியின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? வந்தவாசியில் மழை உண்டா? நான் நலமாக இருக்கிறேன்.

நம் சமணத்தை ஆராயும் வெளிநாட்டு அறிஞர்களுக்காக எங்கள் நிறுவனம் ஒரு கருத்தரங்கு நடத்தியது. வெளிநாட்டுக்காரர்கள் ஆயிற்றே என்று இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். வழக்கம்போல் பொழுது சாய்வதற்குள் தனியாகச் சாப்பிட, தயிர்சாத டப்பாவோடு கடலைப் பார்த்த படியில் உட்கார்ந்தேன். பின்னாலேயே அத்தனை பேரும் தட்டோடு வந்துவிட்டார்கள். இருட்டிய பின் நாம் உண்பதில்லை என்று படித்திருக்கிறார்களே தவிர, அப்படி ஒருநாளும் இருந்து பார்த்ததில்லையாம்.

சமையல்காரர் கதிர்காமநாதன் பதறிப்போனார். "சோறு இன்னும் வேகேல்லை தங்கச்சி, வாழைப்பழம்தான் இருக்கு!"

பழமும் என் தயிர்சாதமும் ஆளுக்கொரு கவளம். தண்டவாளத்துக்கு அப்பால் கடல் பொன்னாகிக் கரைந்துகொண்டிருந்தது. இருட்டுவதற்குள் எல்லோரும் கை கழுவிவிட்டோம். நம் வீட்டில் நாம் இருவரும் சாப்பிடும் நேரம்போலவே இருந்தது.

அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பா, சாயங்காலம் சாப்பிட உட்காரும்போது எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். எடுக்க மாட்டேன். மணி அடித்தால் போதும், நானும் உட்கார்ந்துவிடுவேன்.

வெளிச்சம் போகிறது, நிறுத்துகிறேன்.

தரணி