மூணாவது பாத்திக்குத் தண்ணி இல்லை

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் சுகம். உன் இடுப்புவலி, அத்தையோட இருமல், சின்னவளோட ஆடற பல்லு எல்லாம் எப்படி இருக்குன்னு தனித்தனியா எழுது.

போன வாரம் ஒரு கூத்து. முட்டைக்கோஸ் பாத்திகளுக்குத் தண்ணி விடறதுதானே என் வேலை. உன்கூட பேசின நெனப்புலேயே மூணாவது பாத்திக் குழாயை மூடினவன், திறக்க மறந்துட்டேன். இலையெல்லாம் துவண்டு போச்சு. வேலைக்கு வேட்டுதான்னு நினைச்சேன்.

எங்க பண்ணையில வாசனை ஆராய்ச்சி பண்ற மேடம் வந்தாங்க. எங்களுக்குள்ள அவங்க பேரு மூக்கம்மா. ஒரு இலையைக் கிழிச்சு முகர்ந்ததும் அவங்க கண்ணே கலங்கிடுச்சு. "வயிறு முட்டத் தண்ணி குடிச்ச செடியைவிட இதுல நெடி தூக்குதே. இந்தப் பாத்தியை இப்படியே விடுங்க"ன்னுட்டாங்க. தப்பிச்சேன். ஆனா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கை தானா குழாய்கிட்ட போகுது.

இன்னொண்ணும் சொன்னாங்க. முழு இலையில அந்த நெடி இருக்காதாம், கிழிச்சாத்தான் உண்டாகுமாம். அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு இருப்புக் கொள்ளலை. நீ போன்ல "நல்லா இருக்கோம்"னு முழு இலையாட்டம் பேசறே. முன்னெல்லாம் நாலு திட்டாவது திட்டுவே. அடுத்த தடவை திட்டிட்டுப் போனை வை.

ஒரு துண்டு அனுப்பு. இங்கே வாங்கினது ஈரத்தையே இழுக்க மாட்டேங்குது. வாசல் கதவு கிறீச்சுங்குமே, அதுக்கு எண்ணெய் விட்டுடாதே. நான் வந்து விடறேன்.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன். கிழிச்சுப் பார்க்காதே.

உன் வீட்டுக்காரன்