செஸ்திரியில் கழற்றிய வயர்

02.05.2016, திங்கள். பீல், சுவிஸ்

இன்று வேலையில் இரண்டு தடவை மணிக்கூட்டுப் பற்சில்லைத் தவறவிட்டேன். ஒன்று தரையில் விழுந்து போயே போய்விட்டது. மேலாளர் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். என் மனம் மணிக்கூட்டுக்குள் இல்லை, இத்தாலிக்குப் போய்விட்டது.

வியாழன் அவுஃபார்ட் லீவு, யேசு விண்ணேறிய நாள். வெள்ளியும் எடுத்தாயிற்று. நான், மனோகரி, ராசேஸ் அக்கா. புருஷன்மாரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பதினொரு வருடமாக ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் குனிந்திருக்கிறோம். ஒன்றாக நிமிர்ந்து ஒரு இடம் போனதில்லை.

வீட்டில் இவர் கேட்டார்: "பருத்தித்துறையில பிறந்தனீ, உனக்குக் கடல் புதுசோ?"

"சமைக்காமல் கடல் பாத்ததில்லை" என்றேன்.

மனோகரியைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும் பாடு. அவளுக்குப் பிரஷர் இருக்கிறது, பயம் அதைவிடக் கூட. கடைசியில் நானே அவள் வீட்டுக்குப் போய் வரதராசா அண்ணையிடம் கேட்டேன். "தங்கச்சி, உங்களை நம்பித்தான் விடுறன்" என்றார். பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

05.05.2016, வியாழன். செஸ்திரி லெவாந்தே

வந்து சேர்ந்தோம்! மிலானோவில் ரயில் மாறும்போது ராசேஸ் அக்காவின் புட்டுப் பெட்டி திறந்து பிளாட்பாரமெல்லாம் புட்டு. புறாக்களுக்கு நல்ல விருந்து. அக்கா அரை மணி நேரம் எங்களோடு கதைக்கவில்லை, நாங்கள்தான் தட்டிவிட்டதைப் போல.

ஊர் சின்னது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் மூக்கு மாதிரி ஒரு குன்று. வீடுகள் மஞ்சளும் ரோசாவும். ஒரு வீட்டு ஜன்னலைப் பார்த்து மனோகரி, "பாவம், இந்த வெயிலுக்கும் பூட்டி வச்சிருக்கினம்" என்றாள். கிட்டப் போய்ப் பார்த்தால் அது சுவரில் கீறிய ஜன்னல். கதவு, கொக்கி, நிழல் எல்லாம் வர்ணம்தான். நடுத்தெருவில் நின்று மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

எல்லை தாண்டியதுமே போன் இணையத்தை நிறுத்திவிட்டோம், பில் கொள்ளை என்பதால். தங்கியிருக்கிற வீட்டில் வைஃபை இருக்கிறது. வந்ததும் மனோகரி பல்கனியில் நின்று சாவகச்சேரியிலுள்ள தன் அக்காவைக் கூப்பிட்டுக் கடலைக் காட்டினாள். தாய் போனபின் இவளை வளர்த்தது புனிதவதி அக்காதான். இவளை விட ஒன்பது வயதுதான் கூட.

"என்னடி தலையை விரிச்சுப்போட்டுக்கொண்டு நிக்கிறாய்? பின்னு முதல்ல." பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, இவளைத் தண்ணிக்கை இறங்க விடாதேங்கோ, நீந்தத் தெரியாது" என்றார்.

நாற்பத்து மூன்று வயதுப் பிள்ளை. "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று போனுக்குள் தலையாட்டினாள்.

06.05.2016, வெள்ளி

என்ன எழுத. எப்படி எழுத.

காலை பாண் வாங்கப் போனேன். கடை வாசலில் போன் அடித்தது. வரதராசா அண்ணை.

"தங்கச்சி, மனோகரி பக்கத்தில நிக்கிறாவோ?"

"இல்லை."

"புனிதக்கா போயிட்டா. விடிய முற்றம் கூட்டிக்கொண்டு நிண்டவவாம், அப்பிடியே இருந்திட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது." பிறகு: "இவவுக்கு இப்ப சொல்லாதேங்கோ. அந்நிய ஊர், பிரஷர்க்காரி, ஏதும் நடந்தா ஆர் பாக்கிறது? வீட்டை வரட்டும். நானும் பிள்ளையளும் வச்சுச் சொல்லுறம்."

நான் ஓம் என்றேன். யோசிக்கவே இல்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிறதுதானே? தூர இடத்தில் நிற்கிற ஆளுக்கு உடனே சொல்வதில்லை. எங்கள் அப்பா செத்ததை எனக்கும் நான்கு நாள் கழித்துத்தான் சொன்னார்கள்.

வீட்டுக்கு வர மனோகரி குளித்துக்கொண்டிருந்தாள். குசினியில் ராசேஸ் அக்காவிடம் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "ஓம், அவர் சொல்லுறது சரி. வீட்டை போய்ச் சொல்லட்டும்" என்றார்.

மனோகரியின் போன் மேசையில் கிடந்தது. கனடா, லண்டன், எங்கிருந்து எவர் எதை அனுப்புவார்களோ! சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைஃபை பெட்டி மினுங்கிக்கொண்டிருந்தது. குனிந்து வயரைக் கழற்றி, தட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். ராசேஸ் அக்கா குசினி வாசலில் நின்று பார்த்தார்.

அவள் தலை துவட்டிக்கொண்டு வந்தாள். "வைஃபை வேலை செய்யேல்லையடி" என்றேன்.

"பறவாயில்லை விடு. லீவெண்டா லீவுதானே. அக்காவும் சும்மா விசாரணை வைக்காமல் இருக்கட்டும்."

மத்தியானம் துறைமுகப் பக்கத்தில் மீன் பொரியல். அவள்தான் கேட்டாள். இரண்டு தட்டு சாப்பிட்டாள். ராசேஸ் அக்கா தலையிடி என்று எழும்பிப் போய்விட்டார். நான் இருந்து, அவளுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டேன்.

பின்னேரம் குன்றிலுள்ள பழைய மாதா கோயிலுக்கு ஏறினோம். மூன்று மெழுகுதிரி ஏற்றினாள், இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு, அக்காவுக்கு ஒன்று. "அக்காவின்ர முழங்கால் நோ மாறோணும் எண்டு கேட்டனான்" என்றாள்.

07.05.2016, சனி

செத்தவீடு அங்கே பகல். இங்கே காலை ஒன்பது மணியாகும்போது பெட்டி மூடுவார்கள் என்று வரதராசா அண்ணை எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தார். கனடாவிலும் லண்டனிலும் எல்லோரும் நேரலையில் பார்ப்பார்களாம்.

ஒன்பது மணிக்கு நானும் அவளும் கடற்கரையில். முழங்கால் வரை தண்ணீரில் நின்றாள், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "படம் எடு, படம் எடு, அக்காட்டக் காட்டினா ஏசுவா!" எடுத்தேன். பதினேழு படம் எடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் சிரிக்கிறாள்.

இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. வாய் வரவில்லை. ஒன்பதரைக்குப் பிறகு சொல்லி என்ன பயன்?

08.05.2016, ஞாயிறு

ரயிலில் முழு நேரமும் நித்திரை என்று நடித்தேன். பீல் ஸ்டேஷனில் வரதராசா அண்ணை, இரண்டு பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். அவர் தாடி வழித்திருக்கவில்லை.

மனோகரி படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். "ஆர்?" என்று கேட்டாள். அந்த ஒரு சொல்தான். பெயரைச் சொன்னதும் அவளை இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

09.05.2016

வேலைக்குப் போனேன். அவளுடைய கதிரை காலி.

12.05.2016, வியாழன்

அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்திருந்தேன். சோபாவில் நேராக இருந்தாள். கண் காய்ந்திருந்தது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"வெள்ளி காலமை."

"எத்தினை மணிக்கு?"

"எட்டு… எட்டேகால்."

"எனக்குச் சொல்லியிருந்தா ஒரு நாள் வையுங்கோ எண்டு கேட்டிருப்பன். என்னட்ட சுவிஸ் பாஸ்போர்ட் இருக்கு. மிலானோவில இருந்து பிளேன் ஏறியிருப்பன். ஞாயிறு முகம் பாத்திருப்பன்."

நான் அதை யோசிக்கவே இல்லை. கடவுளே, நான் அதை யோசிக்கவே இல்லை.

"வீடியோ இருக்காம், பார் எண்டு இவர் சொல்லுறார். அக்காவை வீடியோவில பாக்க அதென்ன கலியாணவீடோ?" பிறகு மெல்ல, "அக்கா கிடத்தியிருக்க நான் மீன் திண்டனான். நீ அதுக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டனீ."

வரதராசா அண்ணை உள்ளே வந்து, "அவவில பிழையில்லை, நான்தான் சொன்னனான்" என்றார். அவரை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

05.06.2016, ஞாயிறு

புனிதக்காவின் முப்பத்தோராம் நாள் காரியம். மண்டபத்தில் அறுபது பேர் வரை. நான் கத்தரிக்காய்க் கறி சமைத்துக் கொண்டுபோனேன். மனோகரி எல்லோருக்கும் தன் கையால் பரிமாறினாள். என் வரிசைக்கு வரும்போது கரண்டியை மகளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ராசேஸ் அக்காவுக்கும் பரிமாறியிருக்கிறாள். மனோகரியைக் கேட்டேன்: "அவவுக்கும் தெரியுந்தானே? அவவோட ஏன் கதைக்கிறாய்?" கேட்டிருக்கக் கூடாது. கை கழுவுகிற இடத்தில் வைத்துக் கேட்டேன்.

"அவ சொல்லாமல் விட்டவ. நீ வயரைக் கழட்டினனீ."

ராசேஸ் அக்கா சொல்லியிருக்கிறார். சொல்லட்டும். பொய்யில்லையே.

17.07.2016, ஞாயிறு

இவர் சொல்கிறார், "நீ நல்லதுக்குத்தானே செய்தனீ, விடு" என்று. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கொப்பியில் பொய் எழுதி யாருக்கு லாபம்? அவள் பிரஷருக்குப் பயந்தேன், உண்மை. வரதராசா அண்ணைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், அதுவும் உண்மை. ஆனால் வயரைக் கழற்றும்போது மனதில் இன்னொன்றும் இருந்தது. சொன்னால் உடனே பெட்டி கட்ட வேண்டும். எனக்கு அந்த இரண்டு நாள் வேண்டியிருந்தது. பதினொரு வருடம் குனிந்திருந்ததற்குக் கிடைத்த நான்கு நாளில் இரண்டு. வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

19.09.2016, திங்கள்

மனோகரி கேட்டு மாறிப் போய்விட்டாள், மேல்மாடிக்கு, மணிக்கூட்டு முள்ளுப் பூட்டுகிற பிரிவுக்கு. அவள் இடத்தில் போர்த்துக்கல் பெண் ஒருத்தி. நல்ல பிள்ளை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலை செய்கிறாள்.

25.05.2017

அவுஃபார்ட். எங்கும் போகவில்லை. ஜன்னல் துடைத்தேன்.

29.03.2018, வியாழன்

ராசேஸ் அக்கா ஓய்வு பெற்று எம்மன்புரூக்கேக்கு மகனோடு போகிறார். பிரியாவிடைக்கு மனோகரியும் வந்திருந்தாள். குழுப் படத்தில் இந்தக் கரையில் நான், அந்தக் கரையில் அவள். தலை நன்றாக நரைத்துவிட்டது. பின்னி இருந்தாள்.

படம் எடுத்து முடிய, "எப்பிடி இருக்கிறாய்?" என்றேன். "இருக்கிறன்" என்றாள். இரண்டு வருடத்தில் கதைத்தது அவ்வளவும்தான்.

24.10.2019, வியாழன். ஷாஃப்ஹவுசன்

அண்ணை போய்விட்டார். என் சண்முகலிங்கம் அண்ணை. செவ்வாய் விடிய ஆஸ்பத்திரியில். நெஞ்சு நோ என்று தானே காரோட்டிப் போனவராம்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். பிறகு மறந்துபோகும்.

அண்ணி முதலில் இவருக்குத்தான் சொல்லியிருக்கிறா. இவர் என்ன செய்தார்? வரதராசா அண்ணையைக் கேட்டிருக்கிறார், எப்படிச் சொல்லலாம் என்று. இரண்டு ஆம்பிளைகளும் கதைத்து முடிவெடுத்திருக்கிறார்கள்: வேலை முடிந்து நான் வீட்டுக்கு வரட்டும், ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும், பிறகு வைத்துச் சொல்லலாம். அண்ணைக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று தொடங்கலாம். வரதராசா அண்ணை இதை மனோகரியிடம் சொல்லியிருக்கிறார், போனில், அவள் இடைவேளை நேரம்.

எங்கள் போன்கள் எல்லாம் பெட்டகத்தில்தான் இருக்கும். எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்பதரை மணியிருக்கும். வெள்ளைக் கோட்டோடு மேல்மாடி ஆள் ஒன்று என் மேசைக்கு வந்து நின்றது. நிமிர்ந்தால் மனோகரி. மூச்சு வாங்கியது. படியால் ஓடி வந்திருக்கிறாள்.

"சிவகலா, கையில இருக்கிறதைக் கீழ வை."

வைத்தேன்.

"உன்ர அண்ணை செத்துப்போனார். விடிய ஆறு மணிக்கு. ஷாஃப்ஹவுசன் ஆஸ்பத்திரியிலதான் வச்சிருக்கினம். ரெண்டு மணிக்குப் பெட்டிக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போயிடுவினமாம். பத்துக்கு ரயில் இருக்கு. எழும்பு."

இப்படித்தான் சொன்னாள். ஒரு சொல்லைக்கூடச் சுற்றவில்லை. நான் கத்தியிருக்கிறேன் போல. மேலாளர் ஓடி வந்தார். அவரோடு அவளே பிரெஞ்சில் கதைத்தாள். என் கோட்டை அவளே கழற்றினாள். சப்பாத்து லேஸ் கட்ட எனக்கு முடியவில்லை, குனிந்து அவள்தான் கட்டினாள்.

ரயிலில் எனக்கு முன்னால் இருந்தாள். சூரிச்சில் ரயில் மாறும்போது என் முழங்கையைப் பிடித்திருந்தாள், ஏறியதும் விட்டுவிட்டாள். இவர் போன் எடுத்து அவளை ஏசினார், எனக்கே கேட்டது. "அவளின்ர அண்ணை, அவள்தான் பாக்கோணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக் கதவடியில், "போ. நான் வரேல்லை" என்றாள்.

அண்ணையைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பக்கத்தில் இருந்தேன். நெற்றியைத் தடவினேன். சொல்ல இருந்ததையெல்லாம் சொன்னேன். இரண்டு மணிக்கு அவர்கள் வந்து கொண்டுபோனார்கள்.

வெளியே வந்தபோது மனோகரி போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். பஸ் தரிப்பு மர வாங்கில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

பிறகு கேட்டாள்: "முகம் எப்பிடி இருந்தது?"

சொன்னேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தாடி ஒரு நாள் வளர்ந்திருந்தது. கண் மூடி, நோவில்லாமல், மத்தியானம் சாப்பிட்டுப் படுக்கிற மாதிரி. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்: நெற்றி குளிர்ந்திருந்ததா, கை எப்படி வைத்திருந்தார்கள், ஆர் தலை சீவிவிட்டது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் அழத் தொடங்கினாள். மூன்று வருடத்துக்கு முன் ஸ்டேஷன் படியில் அழுத மாதிரி, உடம்பெல்லாம் குலுங்கி. என் அண்ணையை அவள் இரண்டு தடவைதான் கண்டிருப்பாள். யாருக்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

"மனோ, நான் செய்தது…"

"வேண்டாம். இண்டைக்கு வேண்டாம்."

ஸ்டேஷனுக்குப் போகிற பஸ் வந்தது. எழும்பவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிடம் என்று பலகையில் போட்டிருந்தது. இருந்தோம்.